ஒரு விரலால் கட்டின பாலம் இல்லை அது

இந்தக் கதை உங்க வாட்ஸ்அப்பிலும் ஒரு தடவையாவது வந்திருக்கும். அமெரிக்காவில் ஒரு இன்ஜினியரும் அவர் மகனும் பெரிய பாலம் ஒன்று கட்ட ஆரம்பிக்கிறார்கள். அப்பா விபத்தில் இறந்துபோகிறார். மகனுக்கு உடம்பு முழுக்க செயலிழந்து, ஒரே ஒரு விரல் மட்டும்தான் அசைகிறது. அந்த விரலால் மனைவியின் கையில் தட்டித் தட்டியே 13 வருஷம் ஆணை கொடுத்து பாலத்தைக் கட்டி முடிக்கிறார். கீழே ஒரு சூரிய உதயம் படம், முயன்றால் முடியாதது இல்லை என்று ஒரு வரி.

முதல் வருஷம் ஓரியண்டேஷனில் இதைக் கேட்டு நானும் கை தட்டினவன்தான். இந்த செமஸ்டர் ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட் எலெக்டிவுக்காக அந்தப் பாலத்தைப் பற்றி ஒழுங்காகப் படித்தபோதுதான் தெரிந்தது, விரல் கதை கட்டுக்கதை. பாலம் உண்மை, அப்பாவின் சாவு உண்மை, மகனின் நோயும் உண்மை. ஆனா அவர் விரலால் தட்டவில்லை. எழுதினார், பக்கம் பக்கமாக எழுதினார். உண்மைக் கதையில் நமக்கு, அதாவது ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டை வைத்துக்கொண்டு முழித்துக்கொண்டிருக்கும் நமக்கு, ஃபார்வர்டில் இருப்பதை விட நிறைய இருக்கிறது.

அவர் பெயர் வாஷிங்டன் ரோப்ளிங். பாலம், நியூயார்க்கின் புரூக்ளின் பாலம்.

அப்பா விட்டுப்போன வேலை

வாஷிங்டன் 1837 மே 26 அன்று பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்ஸன்பர்க் என்ற ஊரில் பிறந்தார். அப்பா ஜான் ரோப்ளிங் ஜெர்மனியிலிருந்து குடியேறியவர். இரும்புக் கம்பி வடம் தயாரிக்கும் தொழிற்சாலை வைத்திருந்தார். தொங்கு பாலம் கட்டுவதில் அந்தக் காலத்து அமெரிக்காவில் பெரிய பெயர். மகன் டிராய் நகரில் உள்ள ரென்சிலர் கல்லூரியில் சிவில் இன்ஜினியரிங் படித்து 1857-ல் வெளியே வந்தார். அப்பாவோடு பிட்ஸ்பர்க் பாலத்தில் வேலை பார்த்தார். அப்புறம் உள்நாட்டுப் போர் வந்தது. வடக்குப் படையில் சேர்ந்து கெட்டிஸ்பர்க் போர்க்களம் வரை பார்த்தார். போர் நடந்துகொண்டிருந்தபோதே 1864-ல் எமிலி வாரன் என்ற பெண்ணைச் சந்தித்து, அடுத்த வருஷம் ஜனவரியில் திருமணம் செய்துகொண்டார். இந்த எமிலியை ஞாபகம் வச்சுக்கோங்க.

அப்போது நியூயார்க்கும் புரூக்ளினும் தனித்தனி நகரங்கள். நடுவில் ஈஸ்ட் ரிவர். கடக்க வேண்டுமென்றால் படகுதான். குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் படகும் நின்றுவிடும். ஆற்றில் பெரிய பாய்மரக் கப்பல்கள் போய்வருவதால் பாலம் தண்ணீருக்கு மேல் 135 அடி உயரத்தில் இருக்க வேண்டும். நடு ஆற்றில் தூணும் வைக்க முடியாது. ஜான் ரோப்ளிங் போட்ட திட்டத்தில் இரண்டு டவர்களுக்கு நடுவில் மட்டும் ஏறத்தாழ 1,600 அடி. உலகத்தில் அதுவரை யாரும் அவ்வளவு நீளத்துக்குத் தொங்கு பாலம் கட்டியதில்லை.

1869 ஜூன் மாதம் டவர் எங்கே வரும் என்று பார்க்க ஜான் ரோப்ளிங் படகுத்துறையில் நின்றிருந்தார். உள்ளே வந்த படகு இடித்ததில் அவருடைய கால் நசுங்கியது. காயத்தில் டெட்டனஸ் வந்து ஜூலை 22 அன்று இறந்தார். பாலத்தின் மொத்த வடிவம் அவர் வரைந்து வைத்திருந்தார், ஆனா பெரும்பாலான பகுதிகளுக்கு டீட்டெயில் டிராயிங் கிடையாது. 32 வயதில் வாஷிங்டன் சீஃப் இன்ஜினியர் ஆனார். கைக்கு வந்தது பாதி வரைபடமும் முழு டெட்லைனும்.

தண்ணீருக்கு அடியில்

பாலத்திலேயே கஷ்டமான இடம் கண்ணுக்குத் தெரியாத இடம், அதாவது ஃபவுண்டேஷன். இதற்குக் கெய்சன் என்ற முறையைப் பயன்படுத்தினார்கள். ஒரு பெரிய மரப்பெட்டியைக் கவிழ்த்து ஆற்றின் அடியில் உட்கார வைத்தால் அதுதான் கெய்சன். தண்ணீர் உள்ளே வராமல் இருக்க அழுத்தம் ஏற்றிய காற்றை உள்ளே செலுத்துவார்கள். ஆட்கள் உள்ளே நின்று மண்ணைத் தோண்டத் தோண்ட, மேலே டவரின் கற்களை அடுக்கிக்கொண்டே போவார்கள். எடை கூடக் கூட பெட்டி கீழே இறங்கும். புரூக்ளின் பக்கக் கெய்சன் 168 அடி நீளம், 102 அடி அகலம். கிட்டத்தட்ட 3,000 டன்.

கட்டுமானம் 1870 ஜனவரியில் ஆரம்பித்தது. கெய்சன் உள்ளே பெரிய பெரிய பாறைகள். கையால் உடைத்ததில் வாரத்துக்கு ஆறு அங்குலம்தான் இறங்கியது. இந்த வேகத்தில் போனால் எத்தனை வருஷம் ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. வெடி வைத்தால் சீக்கிரம் முடியும். ஆனா அழுத்தக் காற்று நிரம்பிய மரப்பெட்டிக்குள் வெடி வைத்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. காது கிழியலாம், பெட்டியே பிளந்துவிடலாம்.

வாஷிங்டன் முதலில் தன்னுடைய துப்பாக்கியை எடுத்துப்போய் உள்ளே சுட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து சின்ன வெடி. அப்புறம் கொஞ்சம் பெரிய வெடி. படிப்படியாகக் கூட்டி, எந்த அளவு பாதுகாப்பானது என்று தெரிந்த பிறகுதான் அதை வழக்கமான வேலையாக மாற்றினார். வேகம் இரண்டு மூன்று மடங்கு ஆனது. தெரியாத விஷயத்தை மொத்தமாகச் செய்து பார்க்காமல், தோற்றாலும் தாங்கக்கூடிய அளவில் முதலில் செய்து பார்ப்பது என்பதை நம்ம புத்தகத்தில் ப்ரோட்டோடைப், பைலட் என்று விதவிதமான பெயரில் படிக்கிறோம். அவர் ஒரு துப்பாக்கியோடு செய்தார்.

1870 டிசம்பரில் தீப்பிடித்தது. ஒரு மெழுகுவர்த்தியிலிருந்து கெய்சனின் மரக்கூரையில் நெருப்பு ஏறியது. அழுத்தக் காற்றில் நெருப்பு மரத்துக்குள்ளேயே புகுந்து போகும், வெளியே தெரியாது. வாஷிங்டன் ராத்திரி முழுக்க உள்ளேயே இருந்தார். அணைந்துவிட்டது என்று நினைத்த பிறகு, சந்தேகத்தில் கூரையில் துளை போட்டுப் பார்த்தால் உள்ளே கங்கு. உடனே கெய்சனையே தண்ணீரால் நிரப்பச் சொன்னார். நெருப்பு செத்தது.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. எரிந்த ஓட்டைகளில் சிமென்ட்டை அழுத்தி நிரப்பினார்கள். அதோடு முடிந்தது என்று விட்டிருக்கலாம், மேலிருந்து யாருக்கும் தெரியப்போவதில்லை. அவர் ஒரு இடத்தைத் திறந்து பார்த்தார். சிமென்ட்டுக்குப் பின்னால் கரியாகிப்போன மரம் அப்படியே இருந்தது. போட்ட சிமென்ட்டை எல்லாம் எடுத்து, கரியைச் சுரண்டி, திரும்ப நிரப்ப வைத்தார். டிலே ஆனது. செலவும் ஆனது. ஆனா இன்றைக்கும் அந்த டவர் அதன் மேல்தான் நிற்கிறது. மன்ஹாட்டன் பக்கத்துக்கான இரண்டாவது கெய்சனைக் கட்டும்போது உள்பக்கம் முழுக்க இரும்புத் தகடு அடித்துவிட்டார்கள்.

எங்கே நிறுத்துவது

புரூக்ளின் கெய்சன் ஏறத்தாழ 45 அடி ஆழத்தில் நின்றது. மன்ஹாட்டனில் பாறை அதை விட ரொம்பக் கீழே. ஆழம் கூடக் கூடக் காற்றழுத்தமும் கூட வேண்டும். வெளியே வந்த ஆட்களுக்கு மூட்டு வலி, வாந்தி, சிலருக்குக் கை கால் இழுத்துக்கொண்டது. அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், வேகமாக வெளியே வரும்போது குமிழியாக மாறுவதுதான் காரணம். இது நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரியாது. பால் பெர்ட் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதை விளக்கியது 1878-ல்தான். அப்போது அதற்குக் கெய்சன் நோய் என்று பெயர் மட்டும்தான் இருந்தது. மன்ஹாட்டன் கெய்சனில் நூற்றுக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். 1872 வசந்த காலத்தில் மூன்று பேர் இறந்தார்கள். அதே காலத்தில் செயின்ட் லூயிஸ் நகரில் இன்னும் ஆழமாகப் போன வேறொரு பாலத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள்.

78 அடி ஆழத்துக்கு வந்தாயிற்று. பாறை இன்னும் முழுசாக வரவில்லை. அது சமமாகவும் இல்லை. ஒரு பக்கம் உயர்ந்தும் இன்னொரு பக்கம் தாழ்ந்தும் கிடந்தது. முழுக்கப் பாறையில் உட்கார வைக்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு வருஷம், நிறையப் பணம், இன்னும் எத்தனையோ உயிர். நிறுத்தினால், உலகத்திலேயே பெரிய தொங்கு பாலத்தின் ஒரு டவர் மணல் மேல் நிற்கும். அது அசைந்தால் எல்லாம் போச்சு.

வாஷிங்டன் பல இடங்களில் துளையிட்டுப் பார்த்தார். பாறைக்கு மேல் இருந்த மணலும் சரளையும் இறுகிப்போய் ரொம்பக் கெட்டியாக இருந்தன. எத்தனையோ ஆயிரம் வருஷமாக அசையாமல் கிடந்த படிவு அது. டவரின் எடையை அது தாங்கும் என்று முடிவு செய்து, 1872 மே 18 அன்று 78.5 அடியில் நிறுத்தச் சொன்னார்.

இதை தைரியம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சேகரிக்க முடிந்த டேட்டாவைச் சேகரித்தார். இன்னும் தெரிந்துகொள்ள ஆகும் விலை மனித உயிர் என்று பார்த்தார். கையில் இருப்பது போதுமா என்று கேட்டார், போதும் என்று முடிவெடுத்து அதற்குத் தானே பொறுப்பேற்றார். நம்மில் ரெண்டு வகை ஆட்கள் உண்டு. ஒன்று, எதையும் பார்க்காமல் ஆரம்பிப்பவர்கள். இன்னொன்று, லிட்டரேச்சர் சர்வேயிலேயே ஏழு மாசம் ஓட்டுபவர்கள். ரெண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அது எங்கே என்று எந்த ஃபார்முலாவும் சொல்லாது.

அந்த மணல் படிவு அசையவில்லை. 150 வருஷம் தாண்டிவிட்டது.

அறைக்குள் போன சீஃப் இன்ஜினியர்

ஆட்களோடு ஆளாக கெய்சனுக்குள் போய்வந்த வாஷிங்டனையும் அந்த நோய் பிடித்தது. 1872-ல் பலமுறை விழுந்தார். அந்த வருஷக் கடைசியில் சைட்டுக்குப் போகவே முடியாத நிலை. வலி, கண் பார்வைக் குறைவு, கொஞ்ச நேரம் பேசினாலே சோர்வு. பாலம் முடியும் வரை தான் உயிரோடு இருப்போமா என்ற பயம் அவருக்கே இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவர் எழுத ஆரம்பித்தார். டவரின் மிச்ச வேலை, கேபிளைக் கட்டும் முறை, நங்கூரம், எந்தப் பாகம் எதற்கு அடுத்து, எங்கே தப்பு வரலாம் என்று எல்லாவற்றையும் படத்தோடு எழுதினார். தான் இல்லாவிட்டாலும் மற்ற இன்ஜினியர்கள் வேலையை முடிக்கும் அளவுக்கு எழுத வேண்டும் என்பதுதான் நோக்கம்.

இங்கே ஒரு நிமிஷம் எங்க டீம் கதை. போன செமஸ்டர் ஒருத்தனுக்கு டெங்கு வந்து பத்து நாள் படுத்துவிட்டான். கோடு அவன் லேப்டாப்பில், சர்க்யூட்டில் எந்த வயர் எங்கே போகுது என்பது அவன் மண்டையில். ரிவ்யூ அன்றைக்கு மூன்று பேர் ஒரு எரியாத எல்இடியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவன் மேல் தப்பில்லை. எழுதி வை என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை, நானும் எதையும் எழுதவில்லை. அதனால்தான் ரோப்ளிங்கின் இந்தக் குளிர்காலத்தைப் படித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

எழுத்து மட்டும் போதவில்லை. எழுதியதைச் சைட்டுக்கு எடுத்துப்போய், அங்கே கேட்கும் கேள்வியைப் புரிந்து திரும்பக் கொண்டுவர ஒரு ஆள் வேண்டும். அது எமிலி. முதலில் கணவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதியவர், பிறகு உயர்கணிதம், பொருட்களின் வலிமை, கேபிளின் வளைவுக் கணக்கு, பாலத்தின் ஸ்பெசிஃபிகேஷன் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். சைட்டுக்குப் போனார். உதவி இன்ஜினியர்கள், கான்ட்ராக்டர்கள், அரசியல்வாதிகள் எல்லாரும் அவரிடம்தான் பேசினார்கள். ஃபார்வர்டில் எமிலி ஒரு கை மட்டும்தான், விரல் தட்டுவதற்கு. உண்மையில் அவர் விஷயம் தெரிந்து பேசியவர். அதனால்தான் பெண்கள் இன்ஜினியரிங் பக்கமே வராத அந்தக் காலத்தில் சைட்டில் இருந்தவர்கள் அவர் சொன்னதைக் கேட்டார்கள். உண்மையான சீஃப் இன்ஜினியர் அவர்தான் என்று அப்போதே ஊருக்குள் பேச்சு இருந்தது.

இன்னொன்று, வாஷிங்டனின் உதவி இன்ஜினியர்களில் முக்கியமானவர்கள் வருஷக்கணக்கில் கூடவே இருந்தார்கள். மார்ட்டின், காலிங்வுட், பெய்ன், ஹில்டன்பிராண்ட் போன்றவர்கள். தலைவர் அறையைவிட்டு வராத சைட்டில், அவர்கள் இல்லாமல் இந்தக் கதையே இல்லை.

கெட்ட கம்பி

புரூக்ளின் டவர் 1875-லும் மன்ஹாட்டன் டவர் 1876-லும் முடிந்தன. அடுத்து நான்கு கேபிள்கள். ஒவ்வொன்றிலும் ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட எஃகுக் கம்பிகள். கம்பி டெண்டரில் பிரச்சினை வந்தது. ரோப்ளிங் குடும்பமே கம்பித் தொழிற்சாலை வைத்திருக்கிறதே என்று கேள்வி எழும்ப, வாஷிங்டன் அதில் தனக்கிருந்த பங்குகளை விற்றார். கான்ட்ராக்ட் கடைசியில் ஜே. லாயிட் ஹெய்க் என்பவருக்குப் போனது.

1878 ஜூலையில் ஒரு மோசடி தெரியவந்தது. ஹெய்க்கின் தொழிற்சாலையில் நல்ல கம்பியைக் காட்டி இன்ஸ்பெக்டரிடம் பாஸ் வாங்குவார்கள். வண்டி பாலத்துக்கு வரும் வழியில் அதை இறக்கிவிட்டு, ரிஜெக்ட் ஆன கம்பியை ஏற்றி அனுப்புவார்கள். அதே நல்ல கம்பி திரும்ப இன்ஸ்பெக்டர் முன் வரும். 200 டன்னுக்கும் மேல் கெட்ட கம்பி ஏற்கனவே கேபிளுக்குள் போயிருந்தது. அதைப் பிரித்து எடுக்க வழியே இல்லை.

பத்திரிகைகள் கத்தின. வாஷிங்டன் அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். கேபிளுக்குத் தேவையானதை விட ஆறு மடங்கு பலம் இருக்கும்படி அவர் டிசைன் செய்திருந்தார். கெட்ட கம்பியை எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் குறைந்தது நான்கு, ஐந்து மடங்கு நிற்கும். அதனால் கேபிளைப் பிரிக்க வேண்டாம், ஒவ்வொரு கேபிளிலும் கூடுதலாக 150 நல்ல கம்பிகளை ஹெய்க்கின் செலவில் சேருங்கள் என்று முடிவு சொன்னார். வேலை தொடர்ந்தது.

ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி என்று செகண்ட் இயரில் ஒரு சின்ன ஃபார்முலாவாகப் படித்து மார்க் வாங்கினோம். எனக்கு அது உண்மையில் புரிந்தது இங்கேதான். அந்த ஆறு மடங்கு, ஹெய்க்கை நினைத்து வைத்ததில்லை. என்ன தப்பு வரும் என்று தெரியாது, ஆனா ஏதோ ஒன்று வரும் என்று தெரியும், அதற்காக வைத்தது. நம்ம ப்ராஜெக்ட் ஷெட்யூலில் சப்மிஷனுக்கு முந்தின நாள் ராத்திரி வரை வேலை போட்டு நிரப்புகிறோமே, அதில் ஒரு மடங்குகூட இல்லை.

பத்துக்கு ஏழு

வேலை இழுத்தது. நடைபாதைக்குக் கீழே வரும் எஃகுச் சட்டங்கள் தாமதமாக வந்தன. நடுவில் பாலத்தின் மேல் கனமான ரயில் போக வேண்டும் என்று தேவை மாறியது. 1881-ல் வாஷிங்டன் கூடுதலாக 1,000 டன் எஃகு சேர்த்தார். ஸ்கோப் மாறினால் டிசைனும் மாற வேண்டும் என்பது அவருக்குத் தெளிவு. பணம் கொடுப்பவர்களுக்குக் கோபம். முதலில் சொன்ன செலவு ஏழு மில்லியன் டாலர் அளவில், கடைசியில் 15 மில்லியன் ஆனது.

சைட்டுக்கே வராத ஒருவர் எப்படி சீஃப் இன்ஜினியர் என்று புரூக்ளினின் இளம் மேயர் சேத் லோ கேட்டார். கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராஜினாமா செய்யச் சொன்னபோது வாஷிங்டன் மறுத்தார். 1882 செப்டம்பரில் அறங்காவலர்கள் ஓட்டெடுத்தார்கள். அவருக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 7. இரண்டு பேர் மாறி ஓட்டுப் போட்டிருந்தால் முடிவே மாறியிருக்கும். எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் ப்ராஜெக்ட் லேட் ஆகும், பழி நம் மேல் வரும், சில சமயம் மிச்சமிருப்பது மூன்று ஓட்டு வித்தியாசம்தான். இதையும் யாராவது நமக்குச் சொல்லித் தர வேண்டும்.

1883 மே 24 அன்று பாலம் திறந்தது. ஜனாதிபதி செஸ்டர் ஆர்தர் நடந்து கடந்தார். விழாப் பேச்சில் எமிலியின் பெயர் பாராட்டப்பட்டது. வாஷிங்டன் விழாவுக்குப் போகவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தார். அன்றைக்கு மட்டும் ஒன்றரை லட்சம் பேர் பாலத்தைக் கடந்தார்கள். கட்டும்போது இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்திருந்தார்கள். அவர்களில் பலரின் பெயர் விழாவில் வரவில்லை.

எமிலி பிறகு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்து 1899-ல் சான்றிதழ் வாங்கினார். 1903-ல் இறந்தார். பிழைக்க மாட்டோம் என்று பயந்து எழுதி வைத்த வாஷிங்டன், அதற்கப்புறம் அரை நூற்றாண்டு வாழ்ந்தார். 84 வயதில் குடும்பக் கம்பெனியின் தலைவர் பதவியைத் திரும்ப ஏற்று வேலைக்குப் போனார். 1926 ஜூலை 21 அன்று, 89 வயதில் காலமானார். குதிரை வண்டிக்காகக் கட்டின பாலத்தில் அதற்குள் கார்கள் ஓடிக்கொண்டிருந்தன. இப்பவும் ஓடுகின்றன.

எங்க டீமில் இப்போ ஒரு நோட்டு இருக்கிறது. எந்த வயர் எங்கே, எந்த ஃபைல் எதற்கு, எது இன்னும் வேலை செய்யவில்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை, அறுபது ரூபாய் நோட்டு. ஆனா அடுத்த டெங்குவுக்கு நாங்க ரெடி.

அந்த ஒரு விரல் ஃபார்வர்டு திரும்ப வரும், கண்டிப்பாக வரும். வந்தால் கோபப்படாதீங்க. பதிலுக்கு அந்த 150 கம்பிகளின் கதையை அனுப்புங்க.